வட்டாரப் பெருமையும் வாழ்க்கைக் கணக்கும்

மலாக்கா நகரை அடுத்துள்ள புக்கிட் காத்தில் என்னும் ஊரின் பெயருக்குள் தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. காத்தில் என்பது படுக்கும் கட்டில். கட்டில் என்னும் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து மலாயில் காத்தில் ஆயிற்று. மலாக்காவில் தமிழர் உறவு எத்துணைப் பழையது என்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாக நிற்கிறது. ஆயினும் அப்பெயர் அண்மைக் காலத்தில் ஓரடி பின்வாங்கியுள்ளது. 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் தோன்றியது. புக்கிட் காத்தில் என்று வழங்கிய நாடாளுமன்றத் தொகுதியும் 2018ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஹங் துவா ஜெயா என்று பெயர் மாறியது. குன்றும் மாறவில்லை, குடிகளும் மாறவில்லை. பெயர் மாறியதும் ஊரைப் பற்றிய பேச்சு மாறியது. பேச்சு மாறும் இடத்தில் நிலத்தின் விலையும் மாறுவது உலக வழக்கம்.

இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கப் புறப்படும்போது ஒரே கேள்வியைத்தான் மீண்டும் மீண்டும் கேட்கின்றன. ஆயர் குரோவா, புக்கிட் பாருவா, பாச்சாங்கா, செங்கா, டுரியான் துங்கலா, புக்கிட் காத்திலிலேயே இருந்துவிடலாமா? விடை தேடும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. எந்த வட்டாரத்தில் விலை ஏறும்? எந்த வட்டாரத்துக்கு நல்ல பெயர் உண்டு? அண்டை வீட்டார் எத்தகையோர்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் முன்பணம் கட்டி விடுகிறார்கள். தமிழ்ப் பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் கேள்வி, சாவி கைக்கு வந்த பிறகு, பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும் வேளையில்தான் எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கடைசியில் கேட்கப்படும் இக்கேள்வியை முதலில் கேட்காத வரை, மலாக்காத் தமிழர் வாங்கும் ஒவ்வொரு வீடும் ஒரு தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தமிழர்க்குப் புதிது. மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டத்தை 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் உருவாக்கினார். பின்னர் புக்கிட் ஆசகானில் அதனினும் பெரிய தோட்டம் எழுந்தது. அன்று தொடங்கி மூன்று தலைமுறைக் காலம் பால்மரத் தொழிலாளிக்கு வட்டாரம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. லயத்து வீடு நிர்வாகத்துக்குரியது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. மழைக்கு ஒழுகிய கூரையையும், பொதுக் குழாயடியில் விடியுமுன் நின்ற வரிசையையும், துரையின் முன் கைகட்டி நின்ற அவலத்தையும் மறந்துவிட்டு அக்காலத்தைப் பொற்காலமென்று பாடுவது பேதைமை. அந்த லயத்தை விட்டு வெளியேறியதும், தன் பெயரில் ஒரு பட்டா வேண்டுமென்று தமிழன் ஆசைப்பட்டதும் முற்றிலும் நியாயமானவை.

ஆனால் அவன் வெளியேறிய முறையை நினைவிற்கொள்ள வேண்டும். 1950களில் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்களின் நிலை அப்போதுதான் நாட்டுக்குத் தெரிய வந்தது. அதற்கு மறுமொழியாக 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் குறைந்த ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குத் தொகையே அதன் மூலதனம். தனித்தனியே ஒரு சாண் நிலமும் வாங்க இயலாதவர்கள் சேர்ந்து நின்றபோது முழுத் தோட்டங்களையே வாங்கினார்கள். இது கையில் காசில்லாத தலைமுறை செய்து காட்டிய செயல். மாதச் சம்பளமும் வங்கிக் கடனும் சேமநிதியும் உடைய இன்றைய தலைமுறை, வீடு வாங்கும் வேளையில் மட்டும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்வதில்லை.

தோட்டத்தை விட்டவர்களுக்கு நகரம் எளிதில் கதவைத் திறந்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டில் அரசாங்கம் மலிவு விலை வீட்டின் உச்ச விலையை 25,000 ரிங்கிட் என வரையறுத்தது. மாதம் 750 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பங்களுக்கென்று ஏற்பட்ட திட்டம் அது. நாட்கூலியில் வாழ்ந்த தோட்டக் குடும்பத்துக்கு அத்தொகையும் மலையாகவே தெரிந்தது. 1998ஆம் ஆண்டில் அவ்விலை இடத்திற்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. மலாக்காவில் இன்னொரு வரம்பும் உண்டு. மலாக்கா வழக்காற்று நிலம் எனப்படும் நிலங்கள் மலாய்க்காரர்க்கே உரியவை. பிறர் பொதுவாக அவற்றை வாங்க இயலாது. எனவே தமிழர் தேர்ந்தெடுக்கும் பரப்பு வரைபடத்தில் தோன்றுவதைவிடக் குறுகியது. அக்குறுகிய பரப்பிலும் பலர் ஒவ்வொரு மூலைக்கு ஒருவராகப் பிரிந்து செல்வதுதான் வேதனை.

இனி, நல்ல வட்டாரம் என்னும் பெயர் எவ்வாறு உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். ஆயர் குரோ ஒரு காலத்தில் காடும் தோட்டமும் சூழ்ந்த புறநகர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றது. அதிலிருந்து மலாக்காவுக்கு இறங்கும் முதன்மை வாயில் அங்கே அமைந்தது. மாநில அரசின் செயலகமும் இன்று அங்கேதான் உள்ளது. புக்கிட் பெருவாங்கில் 1990களில் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. மாணவர்க்கு அறை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தால் வீட்டுக்குத் தேவை பெருகியது. மலாக்கா ராயா கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம். இவ்விடங்களின் விலையை ஏற்றியவை சாலை, அலுவலகம், கல்லூரி, கடைவீதி ஆகியவையே. அங்குக் குடியிருந்தோரின் ஒழுக்கமோ உழைப்போ அவ்விலைக்குக் காரணமன்று. விலை ஏறாத வட்டாரத்தில் இருப்போரின் குணக்குறை அவ்வட்டாரத்தின் தாழ்வுக்குக் காரணமும் அன்று. பொதுப் பணம் எங்கே செலவிடப்படுகிறதோ அங்கே பெருமை பிறக்கிறது.

நகரின் பழைய பகுதியை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 1948ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாக இருந்தது. பொற்கொல்லரும் தச்சரும் சிறு வணிகரும் குறைந்த வாடகையில் அக்கடைவீடுகளில் வாழ்ந்தனர். அன்று அவ்வீதிகளை இடிந்த வீதிகள், நெரிசல் மிக்க வீதிகள் என்று நாகரிகம் படைத்தோர் இகழ்ந்தனர். அச்சட்டம் நீக்கப்படுவதாக 1997இல் முடிவாயிற்று. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு காப்பு அறவே ஒழிந்தது. வாடகை உயர்ந்தது, பழைய குடிகள் வெளியேறினர். 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. இகழப்பட்ட அதே சுவர்கள் விலைமதிப்பற்றவை என்று போற்றப்பட்டன. அச்சுவர்களுக்கு உயிர் கொடுத்த மக்களிற் பலர் அப்போது அங்கு இல்லை. இலண்டன் நகரில் உழைப்பாளர் குடியிருப்புகளை வசதி படைத்தோர் மெல்ல மெல்லக் கைக்கொண்டதை ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1964ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டி அதற்கொரு பெயரும் சூட்டினார். தேம்ஸ் கரையில் நிகழ்ந்தது மலாக்கா ஆற்றங்கரையிலும் நிகழ்ந்தது. எனவே வட்டாரப் பெருமை என்பது இன்று ஓரிடத்தில் தங்கி நாளை வேறிடம் செல்வது. அதைத் துரத்திக்கொண்டு ஓடும் குடும்பம் எப்போதும் ஒருபடி பின்தங்கியே இருக்கும்.

பெருமையைவிடக் கொடியது பழி. ஒரு வட்டாரத்தில் இந்தியர் மிகுதி என்றால் அங்கே போகாதே என்று சொல்லும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியுள்ளது. இதைப் பிறர் சொல்வது மட்டும் அன்று. தமிழரே, அதிலும் கற்ற தமிழரே, தாழ்ந்த குரலில் சொல்கின்றனர். அங்கே நம்மவர் அதிகம், குடியும் சண்டையும் இருக்கும், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதே அப்பேச்சு. சொல்பவர் ஆசிரியராக இருப்பதும் உண்டு; அவர் நாள்தோறும் வகுப்பில் பார்ப்பது அந்த வட்டாரத்துப் பிள்ளைகளையே. நண்பகலில் அவர்களுக்கு ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்பித்துவிட்டு, மாலையில் அவர்கள் வாழும் தெருவை விட்டு விலகி வாழ்வதே அறிவுடைமை என்று உறவினருக்கு அறிவுரை கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்க வரலாறு ஒரு பாடம். 1930களில் அங்கு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்னும் அரசு அமைப்பு இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. சிறந்த வட்டாரம் பச்சை, அடுத்தது நீலம், சரிந்துவரும் வட்டாரம் மஞ்சள், ஆபத்தானது என்று கருதப்பட்டது சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. சிவந்த வட்டாரத்தில் கடன் பெறுவது அரிதாயிற்று. கடனின்றி வீடு செப்பமிடப்படவில்லை. செப்பமின்றி வீடுகள் பாழாயின. பாழானதும், முன்னரே சொன்னோமே என்று வரைபடம் வரைந்தோரை ஒத்தோர் மகிழ்ந்தனர். 1968ஆம் ஆண்டில் சட்டம் இவ்வேற்றுமையைத் தடை செய்தது. ஆயினும் அக்கோடுகளின் வடு இன்னும் முற்றிலும் ஆறவில்லை. மலாக்காவில் அத்தகைய வரைபடத்தை யாரும் அச்சிட்டதில்லை. அச்சிடத் தேவையும் இல்லை. திருமண வீட்டுப் பந்தியிலும் தேநீர்க் கடையிலும் வாய்மொழியாகவே அது வரையப்படுகிறது.

புறக்கணிக்கப்பட்ட வட்டாரம் எத்தகைய விளைவுக்கு ஆளாகும் என்பதற்கு இந்நாட்டிலேயே துயரச் சான்று உண்டு. சிலாங்கூரில் கம்போங் மேடான் பகுதியில் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் பலியாயின. புறம்போக்குக் குடிசைகளிலும் நெருக்கமான மலிவு வீடுகளிலும் ஏழைகள் அடைக்கப்பட்டிருந்த இடம் அது. அதன் பிறகு அப்பெயரைக் கேட்டோர் முகம் சுளித்தனர். அங்கே வடிகால் வேண்டும், திடல் வேண்டும், நல்ல பள்ளி வேண்டும் என்று முன்னரே குரல் கொடுக்க வல்ல படித்தவர்கள் அத்தெருவில் குடியிருந்தார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வாய்ப்புள்ளவர்கள் முதலில் வெளியேறுவதும், வாய்ப்பற்றவர்கள் எஞ்சுவதும், எஞ்சியோரைக் காட்டி மேலும் பலர் வெளியேறுவதும் ஒரு சுழல். அச்சுழலை நகராண்மைக் கழகம் மட்டும் நிறுத்திவிட முடியாது.

விலையின் மொழியிலேயே பேச விரும்புவோர்க்காக ஒரு கணக்கு. எடுத்துக்காட்டாக, 300,000 ரிங்கிட் கடனை ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்குப் பெறுவதாகக் கொள்ளலாம். 2013ஆம் ஆண்டில் மத்திய வங்கி விதித்த உச்ச வரம்பு அதுவே. மாதத் தவணை ஏறத்தாழ 1,328 ரிங்கிட். முடிவில் செலுத்திய தொகை ஏறத்தாழ 558,000 ரிங்கிட். இதே அளவும் இதே அறைகளும் கொண்ட வீடு, பெயர் பெற்ற வட்டாரத்தில் இருப்பதற்காக மட்டும் ஓர் இலட்சம் கூடுதலாக விற்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அப்பெயருக்காக மாதந்தோறும் 443 ரிங்கிட் செலுத்த வேண்டும். 35 ஆண்டில் அது ஏறத்தாழ 186,000 ரிங்கிட் ஆகும். முப்பது தமிழ்க் குடும்பங்கள் இவ்வாறு செய்தால் பெயருக்காக மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 159,000 ரிங்கிட் வங்கிக்குச் செல்கிறது. ஒரு பாலர் பள்ளியின் வாடகை, அதன் ஆசிரியைகளின் சம்பளம், பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வேன், மாலை வகுப்பு, சிறு நூலகம் ஆகிய எத்தனை செலவுகளை அத்தொகை தாங்கும்! அவை இருக்கும் வட்டாரம் தானாகவே நல்ல வட்டாரமாகிவிடாதா?

விலை ஏறினால் இலாபந்தானே என்பர். யாருக்கு இலாபம்? குடியிருக்கும் ஒரே வீட்டை விற்றவன் மறுபடியும் ஏறிய விலையிலேயே வேறு வீடு வாங்க வேண்டும். விற்காமல் இருப்பவனுக்கோ வீட்டின் மதிப்பையொட்டி விதிக்கப்படும் மதிப்பீட்டு வரி உயரக்கூடும். அவன் மகன் திருமணமாகித் தந்தையின் தெருவிலேயே வீடு தேடினால் விலை அவனை விரட்டும். தந்தை இலாபம் என்று மகிழ்ந்தது மகனைப் பத்துக் கல் தொலைவுக்கு அனுப்பிவைத்த விலையைத்தான். பல வீடுகளை வாங்கி விற்கும் வணிகனுக்கு விலையேற்றம் வரவு. ஒரு வீட்டில் வாழ்ந்து முடியும் ஆசிரியனுக்கும் எழுத்தனுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் அது பெரும்பாலும் காகிதத்தில் எழுதிய எண்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையோடு ஆராய வேண்டும். பாதுகாப்பு வேண்டாவா என்பது முதல் தடை. வேண்டும். திருட்டும் போதைப்பொருளும் நிறைந்த தெருவில் பிள்ளையை வளர்க்குமாறு எந்தத் தாயையும் வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றிய முடிவு கண்ணால் கண்டதையும் அங்கே வாழ்வோரிடம் கேட்டதையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டுமே தவிர, அண்டை வீட்டாரின் நிறத்தை எண்ணிப் பார்ப்பதாகாது. பிற இனத்தாரோடு கலந்து வாழ்வது நன்றன்றோ என்பது இரண்டாம் தடை. மிக நன்று. தமிழ்ப் பள்ளிக்கு அருகில் வீடு வாங்குவதும் மலாய், சீன அண்டையரோடு அன்பாய் வாழ்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. மலாக்கா மாநிலத்தில் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இந்தியர் உள்ளனர். அவர்கள் எங்கு வாழ்ந்தாலும் பிறரோடு கலந்தே வாழ்வர். இங்கே கேட்கப்படுவது தனிச்சேரி அன்று. ஒரு பள்ளி வாழத் தேவையான அளவு நெருக்கமே.

மகிழுந்து இருக்கும்போது தொலைவு ஒரு பொருட்டா என்பது மூன்றாம் தடை. இது வன்மையாகத் தோன்றினும் நடைமுறையில் நிற்பதில்லை. முதல் பிள்ளையை அன்போடு பதினைந்து கிலோமீட்டர் அழைத்துச் செல்வர். தந்தையின் வேலைநேரம் மாறும். தாயும் வேலைக்குச் செல்வாள். எண்ணெய் விலை ஏறும். இரண்டாம் பிள்ளை வரும்போது வீட்டுக்கு எதிரே உள்ள தேசியப் பள்ளியே வசதி என்னும் எண்ணம் தலைதூக்கும். அப்பெற்றோர் தமிழை வெறுத்து அவ்வாறு செய்யவில்லை. காலை ஆறரை மணியின் நெருக்கடி அவர்களுக்காக முடிவு செய்துவிட்டது. அம்முடிவு உண்மையில் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே எடுக்கப்பட்டது.

அதன் விளைவு கண்முன் நிற்கிறது. மலாக்காவில் 21 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றிற் பல தோட்டத்தோடு பிறந்தவை. தோட்டம் செம்பனையாயிற்று, பின்னர் சில இடங்களில் தாமானாயிற்று, குடும்பங்கள் நகர்ந்தன, பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளியைக் கல்வி அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நாட்டின் தமிழ்ப் பள்ளிகளிற் பாதிக்கு மேற்பட்டவை அவ்வகையில் அடங்கும். எண்ணிக்கை மிகக் குறையுமிடத்து இரண்டு ஆண்டு மாணவர் ஒரே வகுப்பில் அமர்த்தப்படுகின்றனர். புதிய குடியிருப்புப் பகுதியில் தமிழ்ப் பள்ளிக்கு நிலம் வேண்டும், பழைய பள்ளியை அங்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டால், அங்கே எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் உள்ளனர் என்னும் கேள்வியே முதலில் வரும். ஒவ்வொரு தாமானிலும் நான்கு வீடு, ஐந்து வீடு என்று சிதறிக் கிடப்போர் அக்கேள்விக்கு என்ன விடை தருவர்? சிதறல் பள்ளியைச் சுருக்குகிறது. சுருங்கிய பள்ளியைக் காட்டி மேலும் சிலர் விலகுகின்றனர். வட்டாரத்தைச் சூழ்ந்த அதே சுழல் பள்ளியையும் சூழ்கிறது.

அண்டை நாடான சிங்கப்பூர் இவ்வகையில் ஓர் எச்சரிக்கை. துறைமுகத்தையும் கடற்படைத் தளத்தையும் சார்ந்து தமிழர் செறிந்து வாழ்ந்த பழைய குடியிருப்புகள் கலைந்து, மக்கள் அடுக்குமாடி நகரங்களுக்குப் பரவினர். ஆங்கிலக் கல்வியின்மீது பெற்றோர்க்கு ஏற்பட்ட நாட்டமும் அதனோடு சேர்ந்துகொண்டது. தமிழ்ப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. அதன் பிறகு 1989ஆம் ஆண்டு மார்ச் முதல், வீடமைப்புக் கழகக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தாரும் எந்த அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் வரம்பும் அங்கே விதியாயிற்று. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று; பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகவும் நிலைபெற்றுள்ளது. அரசின் கை தாங்கியதால் அது நின்றது. மலேசியாவில் தமிழ்ப் பள்ளி இன்னும் தமிழ்வழிப் பள்ளியாகவே உள்ளது. அதைத் தாங்க வேண்டிய கை பெரும்பாலும் பெற்றோருடையது. சிங்கப்பூர்த் தமிழர்க்கு விதி வரம்பிட்டது. மலாக்காத் தமிழர் எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலே தாமாகச் சிதறுகின்றனர்.

மலாக்காவுக்குள்ளேயே மற்றொரு பாடம் உண்டு. சுல்தான்கள் காலத்துத் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களான மலாக்காச் சிட்டி மக்கள் காஜா பெராங் பகுதியில் தம் கோயில்களைச் சூழ்ந்து ஒரே குடியிருப்பாக நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றனர். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அச்சமூகத்தின் புகழுக்குச் சான்று. சமயத்தையும் சடங்கையும் அவர்கள் விடாது காத்தனர். சேர்ந்து வாழ்ந்ததால் காக்க முடிந்தது. ஆனால் வீட்டுமொழி மலாயாக மாறிற்று. அவர்களைப் பழிப்பதற்கு எவர்க்கும் தகுதியில்லை. அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளி அந்நாளில் வாய்க்கவில்லை. குடியிருப்பு இருந்து பள்ளி இல்லாவிட்டால் பண்பாடு நிற்கும், மொழி நில்லாது என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. இன்றைய தமிழர்க்கோ பள்ளி இருக்கிறது, குடியிருப்பு கலைகிறது. பிள்ளைகளில்லாமல் பள்ளிக் கட்டடம் மட்டும் மொழியைக் காத்துவிடுமா?

ஆகவே செய்ய வேண்டியவை சில. மாநிலத்தின் 21 தமிழ்ப் பள்ளிகளையும், அவற்றைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளையும், அங்கு விற்பனைக்கு வரும் வீடுகளின் விலையையும் குறித்த எளிய பட்டியலொன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடலாம். நிலத்தின் வகையும், நிரந்தரப் பட்டாவா குத்தகைப் பட்டாவா என்பதும், குத்தகை எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். இவ்வேலையைத் தமிழ் மாணவர் கழகங்கள் ஒரு விடுமுறையில் முடித்துவிடலாம். பாலர் பள்ளியில் பிள்ளை சேரும்போதே பெற்றோரிடம் அப்பட்டியலைக் கொடுத்தால், வீடு தேடும் குடும்பத்துக்கு மேம்பாட்டாளரின் வண்ணத்தாளோடு இதுவும் கையில் இருக்கும். ஒரே காலத்தில் வீடு தேடும் பத்துக் குடும்பங்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதற்குக் கோயில் நிர்வாகத்தைவிடத் தக்க இடம் வேறில்லை. பத்துப் பேர் ஒரே தாமானில் வாங்க முன்வந்தால் விலை பேசவும் இயலும். பள்ளி வேனுக்கு வழியும் பிறக்கும். பள்ளிக்கு நிலம் கேட்கும் மனுவில் எழுத ஓர் எண்ணும் கிடைக்கும்.

ஆசிரியர்க்குத் தனிக் கடமை உண்டு. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் எங்கே குடியிருக்கிறார் என்பதை ஊர் உற்றுநோக்குகிறது. அவர் ஏளனம் செய்த தெருவைப் பிறரும் ஏளனம் செய்வர். அவர் வீடு வாங்கிய தெருவில் பிறரும் வாங்குவர். புக்கிட் காத்திலிலோ டுரியான் துங்கலிலோ ஜாசினிலோ மெர்லிமாவிலோ மூன்று ஆசிரியர் குடும்பங்கள் ஒரே வரிசையில் குடியேறினால், அத்தெருவின் பிள்ளைகளுக்கு மாலைநேரத்தில் பாடம் கேட்க ஒரு திண்ணை கிடைக்கும். வடிகால் அடைத்தால் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுத ஒரு கை கிடைக்கும். வட்டாரத்தின் பெயர் அவ்வாறுதான் உயரும். அந்த உயர்வு வாங்கியவரின் உழைப்பால் வந்தது என்பதால், அதை இழக்கும் அச்சமும் குறைவு.

மாணவர்களும் இன்னும் சில ஆண்டுகளில் வீடு தேடுவோரே. முதல் சம்பளம் வந்ததும் எந்த வட்டாரம் பெருமைக்குரியது என்று அவர்களிடம் பலர் சொல்லித் தருவர். அப்போது அவர்கள் ஒரு வினாவை மறவாமல் கேட்க வேண்டும்: ஆறு வயதுப் பிள்ளை இவ்வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு எவ்வாறு செல்லும், எத்தனை நிமிடத்தில் சேரும்? விற்பவர் அதற்கு விடை சொல்லத் தடுமாறினால், அடுத்த வீட்டைப் பார்க்கச் செல்வதே தக்கது.